ஆணியில் தொங்கிய வாட்ச்

திருச்சியிலிருந்து:

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆணி இருந்தது. அதில் வேறு எதையும் மாட்டக்கூடாது. தாத்தா ராத்திரி படுக்கப் போகுமுன் பாக்கெட் வாட்சுக்குச் சாவி கொடுத்து, சங்கிலியோடு அந்த ஆணியில் மாட்டுவார். ஒருநாள் நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் படுக்க வைத்துவிட்டேன். தாத்தா அதிகம் கோபப்படாதவர். அன்று மட்டும், "அதைப் படுக்கப் போடாதேடா, மணி மாறிடும்" என்று சத்தமாகவே சொன்னார். வாட்சை எப்படி வைத்தால் என்ன, மணி எப்படி மாறும் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர்களின் பிடிவாதம் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா சவுத் இண்டியன் ரயில்வேயில் கார்டாகச் சேர்ந்து, அது 1951இல் சதர்ன் ரயில்வேயின் பகுதியான பிறகும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ச் வெஸ்ட் எண்ட். வெள்ளை டயலில் கம்பெனிப் பெயருக்குக் கீழே பம்பாய், கல்கத்தா என்று எழுதியிருக்கும். ஆறு மணி இருக்கும் இடத்தில் நொடிக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். சுவிட்சர்லாந்தில் செய்து இந்தியாவுக்கென்று அனுப்பிய வாட்சுகள் இவை. அந்தக் காலத்து ரயில்வேக்காரர்கள் வீடுகளில் தேடினால் இன்னும் கிடைக்கும்.

அப்பா காலமான பிறகு பீரோவில் அது கிடைத்தது. ஓடவில்லை. திருச்சியில் இன்னும் பழைய வாட்ச் பார்க்கிற ஒரு பாய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஆள் உட்காரும் அளவுக் கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். திறந்தவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் லென்ஸை என்னிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க தம்பி" என்றார்.

முதலில் கண்ணில் பட்டது பேலன்ஸ் வீல், இப்படியும் அப்படியும் ஆடி வாட்சின் வேகத்தை முடிவு செய்கிற சக்கரம். பழைய எட்டணாக் காசு அளவுகூட இருக்காது. அதன் விளிம்பைச் சுற்றிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய திருகாணிகள். விளிம்பு முழு வட்டமும் இல்லை, எதிரெதிராக இரண்டு இடத்தில் வெட்டி விட்டிருந்தது. உடைந்திருக்கிறதோ என்று பயந்து கேட்டேன். உடையவில்லை, வெட்டியேதான் செய்வார்கள் என்றார். வெளிப்பக்கம் பித்தளை, உள்பக்கம் எஃகு, இரண்டையும் ஒட்டிச் செய்த விளிம்பு அது. வெயில் ஏறினால், அந்தச் சக்கரத்தை ஆடவைக்கிற முடி போன்ற ஹேர் ஸ்பிரிங் தளர்ந்து வாட்ச் பின்தங்கும். அதே வெயிலில் பித்தளை எஃகைவிட அதிகமாக விரிவதால் விளிம்பின் நுனிகள் உள்பக்கமாக வளையும். சக்கரம் கொஞ்சம் சுருங்கினாற்போல் ஆகி வேகம் பிடிக்கும். ஒன்று இழப்பதை இன்னொன்று ஈடுகட்டுகிறது. சித்திரை வெயிலில் கார்டு வண்டியில் போனவரின் கோட்டுப் பைக்குள் இவ்வளவு கணக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

சாவி கொடுத்தால் முறுகி வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தது. எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, கல் பதித்த குழிகளைக் குச்சியால் துடைத்து, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்துத் திரும்பப் பூட்ட அவருக்குப் பத்து நாள் ஆனது. பதினைந்து கல் வாட்ச். அந்தக் கல் எல்லாம் விலைக்கு விற்கிற கல் இல்லை, சக்கரங்களின் அச்சுமுனை தேயாமல் சுழல்வதற்கு வைக்கிற சிவப்புக் கல்.

வாங்கப் போன அன்று தாத்தாவின் ஆணியைப் பற்றிச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்காரு. இது படுத்தா ஒரு ஓட்டம், நின்னா ஒரு ஓட்டம்" என்றார். படுத்திருக்கும்போது பேலன்ஸ் வீலின் அச்சு ஒரே முனையில் பம்பரம் மாதிரி நின்று சுற்றுகிறது, உரசல் குறைவு. நிமிர்ந்து தொங்கும்போது அச்சின் இரண்டு முனையும் பக்கவாட்டில் கல்லில் படிந்து சுற்றுகின்றன. உரசல் கூடும், ஆட்டத்தின் வீச்சு குறையும். சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடியிருந்தாலும் நிமிர்ந்த நிலையில் அது வேலையைக் காட்டிவிடும். தாத்தாவின் வாட்ச் பகல் முழுக்கப் பையில் நிமிர்ந்தே இருந்தது. அந்த நிலைக்குத்தான் அது சரி செய்யப்பட்டிருந்தது. ராத்திரியும் நிமிர்ந்தே இருக்கட்டும் என்றுதான் அந்த ஆணி.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். ஏழு நாள் ராத்திரி தொங்கவிட்டேன். மொத்த வித்தியாசம் 50 நொடிக்குள். அடுத்த ஏழு நாள் ராத்திரி மட்டும் படுக்க வைத்தேன். நாலு நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

இதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாரிசில் இருந்த பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் இதே சிக்கலுக்காகத்தான் டூர்பியோன் என்ற அமைப்பை உருவாக்கி 1801இல் காப்புரிமை வாங்கினார். நிமிர்ந்த நிலையில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு தவறு வருகிறது என்றால், பேலன்ஸ் வீலையும் அதைச் சேர்ந்த பாகங்களையும் ஒரு கூண்டில் வைத்துக் கூண்டையே சுற்றவிட்டால் தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பை வாட்சுக்காகவே பிறந்த யோசனை அது.

ரயில்வேக்கு இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் 1891 ஏப்ரலில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு வண்டியைச் சேர்ந்தவரின் வாட்ச் நாலு நிமிடம் நின்று மறுபடி ஓடியது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். ஒற்றைத் தண்டவாளத்தில், எந்த வண்டி எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை வாட்சைப் பார்த்து முடிவு செய்த காலம் அது. அதன்பிறகு கிளீவ்லாந்து நகரக் கடிகார வியாபாரி வெப் பால் ரயில்வே வாட்சுகளைப் பரிசோதிக்க நியமிக்கப்பட்டார். குறைந்தது 17 கல், வாரத்துக்கு 30 நொடிக்குமேல் பிசகக்கூடாது, தடித்த எண்கள், மூடி இல்லாத முகம் என்று கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றில் ஒன்று, ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது. படித்ததும் தாத்தாவின் குரல்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் வீடுகளில் இப்படி வாட்ச் இருந்தால் எழுதுங்கள்.

இலண்டனிலிருந்து:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் மணிக்கூடு என்றுதான் சொல்வோம். எனக்கு இதில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் ஒரு சங்கிலி. வெளியே தொங்கும் சங்கிலி இல்லை, உள்ளே இருப்பது.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் ஓடாத ஆங்கிலேய மணிக்கூடு ஒன்று வாங்கினேன். திறப்பு, அதாவது சாவி, போட்டு முறுக்குகிற வகை. உள்ளே ஒரு உருளையும், பக்கத்தில் பம்பரத்தைக் கவிழ்த்து வைத்தது போலக் கூம்பு ஒன்றும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இழை ஒன்று ஓடியது. நூல் என்றுதான் முதலில் நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் செயினைப் போலவே கண்ணி கண்ணியாக, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி ஆணியால் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்குள் நூற்றுக்கணக்கான கண்ணிகள்!

ஸ்பிரிங் முழுக்க முறுகியிருக்கும்போது பலமாக இழுக்கும், தளரத் தளர இழுவை குறையும். முறுகியிருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கிறது, தளர்ந்த பிறகு அகன்ற பக்கத்தை. இழுவை குறைந்தாலும் நெம்பும் தூரம் கூடுவதால், சக்கரங்களுக்குப் போகிற பலம் ஒரே சீராக இருக்கும். இந்தச் சங்கிலிகளைத் தென் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் செய்தார்கள். அங்கே 1790இல் இதற்கென்றே தொழிற்சாலை வந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன வெளிச்சத்தில் இருந்து செய்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

கிரீன்விச் வான்காட்சி நிலையத்துக்குப் போகிறவர்கள், கப்பலில் சரியான நேரம் காட்டவென்று ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்து 1759இல் முடித்த எச்4 மணிக்கூட்டைக் கட்டாயம் பாருங்கள். பார்க்கப் பெரிய பாக்கெட் மணிக்கூடு மாதிரியே இருக்கும், குறுக்களவு 13 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட. கப்பலில் ஜமைக்காவுக்குக் கொண்டுபோனபோது, அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்த பிசகைக் கழித்துப் பார்த்தால், 81 நாளில் ஐந்து நொடிதான் பிந்தியது. கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்பதை நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், அதில் நாலு நிமிடம் பிசகினால் கடலில் ஒரு பாகை (டிகிரி) தூரம் பிசகும். பக்கத்தில் இருக்கும் அவருடைய பழைய பெரிய மணிக்கூடுகள் மூன்றும் ஆடி ஓடிக்கொண்டிருக்கின்றன. எச்4 மட்டும் ஓடாமல் இருக்கிறது, தேய்ந்துவிடக்கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நான் நின்ற நேரம்தான் அதிகம்.

அண்ணா, பின்மூடியின் உள்பக்கத்தைச் சரித்துப் பார்த்தீர்களா? பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்திருப்பார்கள். பார்த்துச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

என் அனுபவம் வருத்தமானது. எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தபோது வாங்கிய வெள்ளி வாட்சை அப்பத்தா என் கையில் கொடுத்தார். பீங்கான் டயல். செம்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைத் தூவி, 800 டிகிரி அளவுக்குச் சூடான உலையில் சுட்டு எடுப்பது அது. எண்களையும் வரைந்து மறுபடி சுட்டிருப்பார்கள். அதனால்தான் நூறு வருடம் ஆனாலும் வெள்ளை மங்குவதில்லை. மூன்று மணிக்குப் பக்கத்தில் முடி போல ஒரு விரிசல் இருந்தது. அது ஐயா காலத்திலேயே விழுந்ததாம்.

ஓட வைக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது வாட்ச் ஓடியது. ஆனால் டயல் புதுசு, பெயிண்ட் அடித்த தகடு. முள்ளும் வேறு. வெள்ளி மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் உள்ளிருந்த முத்திரைகள் மழுங்கிவிட்டன. பழைய டயல் எங்கே என்று கேட்டால், "விரிசல் விட்டது எதுக்குங்க" என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, புதுசாக்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான்தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பத்தாவிடம் அதை இன்றுவரை காட்டவில்லை.

கொடுக்குமுன் உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சென்னையிலிருந்து:

ரயில்வே வாட்ச் என்றதும் நான் பார்த்த ஒரு கல்லைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792இல் கட்டிய மெட்ராஸ் வான்காட்சி நிலையத்தின் தூண். அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

1870 வாக்கில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இந்திய ரயில்வேக்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். இங்கே நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிட்ட மணி தந்தியில் போகும், எங்கெங்கோ இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டரும் கார்டும் அதற்குத் தங்கள் வாட்சைத் திருப்பி வைப்பார்கள். 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் வந்தபோது அது மெட்ராஸ் நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் இருந்தது. மவுண்ட் ரோட்டில் இருக்கும் பழைய வாட்ச் கடையான பி. ஆர் அண்ட் சன்ஸைத் தாண்டும்போதெல்லாம் இந்த ஒன்பது நிமிடம் ஞாபகத்துக்கு வருகிறது.

மறுபடியும் திருச்சியிலிருந்து:

காரைக்குடி நண்பருக்கு, படிக்கவே கஷ்டமாக இருந்தது. அப்பத்தாவிடம் காட்டிவிடுங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடைக்கு இன்னொரு முறை போய்ப் பழைய பாகங்கள் போடும் டப்பாவைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ச் கடைக்காரர்கள் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள்.

இலண்டன் தங்கச்சிக்கு: நீங்கள் சொன்ன அன்று ராத்திரியே டார்ச்சை அடித்து, மூடியைச் சாய்த்துப் பார்த்தேன். இருக்கிறதம்மா. மொத்தம் ஐந்து கீறல். நாலு என்னவென்று புரியவில்லை, ஏதோ கணக்குக் குறி மாதிரி. ஒன்றில் மட்டும் 4-47 என்று தெளிவாக இருக்கிறது. 1947 ஏப்ரலாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது.

நேற்று பாய் கடைக்குப் போய்க் காட்டினேன். அவர் குறி எங்கே என்று கேட்டேன். "இப்பல்லாம் யாரும் கேக்குறதில்ல தம்பி, அதான் போடல" என்றார். போடச் சொன்னேன். லென்ஸை மாட்டிக்கொண்டு, ஊசியை எடுத்து, 4-47க்குக் கீழே மாதத்தையும் வருடத்தையும் ஓரமாக ஒரு சின்னப் பிறையையும் கீறிக் கொடுத்தார். எங்கள் ஃபிளாட்டில் சுவர் கான்கிரீட், ஆணி இறங்கவில்லை. டிரில் போட்டு ஒரு கொக்கி வைத்திருக்கிறேன்.