செம்புக் கூலர் கறுத்துப்போச்சு, புளி போட்டுத் தேய்க்கலாமா?

திருக்கடலூர்ப் பெடியன்:
வணக்கம் அண்ணாமார். எங்கட வீட்டு வாசலில நிண்டா கடல் தெரியும். மூண்டு வருசத்துக்கு முந்தி வாங்கின, கம்ப்யூட்டரின்ர சிபியூவைக் குளிராக்கிற கூலர், குழாயும் அடியும் வெறும் செம்பு, தகடுகள் அலுமினியம். வாடைக்காத்து ஓய்ஞ்ச பிறகு கழட்டிப் பார்த்தன். செம்பெல்லாம் கறுத்துக் கிடக்கு. குழாய் தகட்டுக்குள்ள நுழையிற இடத்தில வெள்ளைப் பொடி. கேம் விளையாடேக்க முந்தி 68 பாகை, இப்ப 79. குத்துவிளக்கு மினுக்கிற பழப்புளியைத் தந்து தேய்க்கச் சொல்லுறா அம்மா. தேய்க்கட்டா?

உவர்மலை ஏசி மெக்கானிக்:
தம்பி, புளியை வையும். கறுப்பு செம்பின்ர ஒக்சைட்டு, மெல்லிய படலம். அதால சூடு ஏறாது. எனக்குப் பயம் அந்த வெள்ளைப் பொடியிலதான்.

நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் ஏசிகளின்ர வெளி யூனிட்டைப் பாரும். அதுவும் செம்புக் குழாய், அலுமினியத் தகடு. கையால தொட்டா தகடு உதிரும். ரெண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில உப்புத் தண்ணி வந்தா மின்கலம் மாதிரித்தான். செம்பு தப்பும், அலுமினியம் கரையும். தண்ணி ஊத்தத் தேவையில்லை. ஈரப்பதன் 75 சதவீதம் தாண்டினா உப்புத் தூசி தானாவே நனையும். புளியின்ர அமிலம் அந்த இடுக்குக்குள்ள போனா கழுவி எடுக்கேலாது, அரிப்புக் கூடும்.

சூட்டுக்குக் காரணம் தகட்டிடுக்கில அடைஞ்ச தூசியும், சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவில சூடு கடத்தப் பூசுற பேஸ்ட் காஞ்சதும் எண்டு நினைக்கிறன். ஃபேனைக் கழட்டி வைச்சிட்டு, மென்மையான தூரிகையும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாவியும். நல்லாக் காஞ்ச பிறகு புதுப் பேஸ்ட்.

சாம்பல்தீவான்:
பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் போட்டா என்ன அண்ணை?

உவர்மலை ஏசி மெக்கானிக்:
அதில கல்லியம் இருக்கு. ஒரு சொட்டு அலுமினியத் தகட்டில விழுந்தாலும் உள்ள ஊறி, தகடு நொறுங்கும். வேண்டாம். இனிப் புதுசு வாங்கினா குழாய், தகடு எல்லாத்துக்கும் நிக்கல் பூசினதாப் பாருங்கோ. நிக்கலின்ர வெப்பக் கடத்தல் 90 அளவு, செம்பு 400. ஆனா பூச்சு சில மைக்ரோன்தான், வித்தியாசம் தெரியாது. காசு கொஞ்சம் கூட, ஆனா எங்கட ஊர்க் காத்துக்கு அது பெறுமதி.

திருக்கடலூர்ப் பெடியன்:
சொன்னமாதிரியே செய்தன் அண்ணை. கழுவேக்க ஓரத் தகடு ரெண்டு கையோட வந்திட்டுது. ஒரு பகல் முழுக்க ஃபேனுக்குக் கீழ காயவிட்டுப் பூட்டினன். இப்ப 70 பாகை. செம்பு கறுப்பாவே இருக்கு. மேசையையும் கடல் பக்க யன்னலடியில இருந்து உள்ளறைக்கு மாத்திப்போட்டன்.