வைத்தியர் வீட்டுச் சுவடிப் பெட்டியில் வெள்ளைப் பொடி: துடைக்கலாமா?

அரூர்_நூலகம்:
வணக்கம். அரூர் பக்கம் ஒரு சித்த வைத்தியர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி எங்கள் நூலகத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே ஓலைச்சுவடிக் கட்டுகள், நாகரி எழுத்தில் ஒரு காகிதச் சுவடி, 1860களில் லண்டனில் அச்சான பச்சைத் துணி அட்டை மருத்துவ நூல் ஒன்று. கட்டுகள் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, மக்கிய வாடை. சில ஓலைகள் மஞ்சளாக உள்ளன. காகிதச் சுவடியில் பிழையான எழுத்துகள் மேலும் மஞ்சள் பூச்சு. கல்லூரி மாணவர்களை வைத்துத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, ஸ்கேன் செய்ய நினைக்கிறோம். வெயிலில் போட்டுத் தட்டினால் போதும் என்கிறார்கள் சிலர். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வேதிக்கூடம்:
மாணவர்கள் வருவதைத் தள்ளிப் போடுங்கள் சார். பொடி என்னவென்று தெரியும்வரை கட்டுகளை அவிழ்க்க வேண்டாம்.

வேறு வீட்டுப் பரண் என்றால் டிடிடி அல்லது கமாக்சின் என்ற பழைய பூச்சிக்கொல்லிப் பொடி என்று ஊகிக்கலாம். மக்கிய வாடை கமாக்சின் பக்கம் காட்டுகிறது. டிடிடிக்கு அவ்வளவு வாடை கிடையாது. கமாக்சினுக்கு இங்கே 1997இலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் மூடிய பெட்டிக்குள் இரண்டுமே பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். இதுவோ வைத்தியர் பெட்டி. வெள்ளைப் பாஷாணம் என்கிற ஆர்சனிக் ஆக்சைடும், வீரம் என்கிற மெர்குரிக் குளோரைடும் வெள்ளையாகத்தான் இருக்கும். மருந்துப் பொட்டலம் கிழிந்து கொட்டியிருந்தால் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. முகர்ந்தோ விரலால் தேய்த்தோ பார்க்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை எண்ணெய்தான். உலர்ந்த பொடியாக இருக்கும்வரை டிடிடி தோல் வழியாக அதிகம் ஏறாது; எண்ணெயில் கரைந்தால் ஏறும். பொடி போகாத ஓலையில் எண்ணெய் தடவினால் நஞ்சு கரைந்து ஓலையின் நாருக்குள் இறங்கும், மிச்சம் துடைப்பவர் கையில் ஒட்டும். உள்ளே இறங்கியதைப் பிறகு எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. ஸ்பிரிட் துடைப்பும் அப்படித்தான். எண்ணெய் நல்லதுதான், ஆனால் அது கடைசி வேலை.

வெயிலில் ஓலை சுருண்டு வெடிக்கும். தட்டினால் பொடி முழுவதும் மூச்சு உயரத்தில் மிதக்கும். இரண்டையும் செய்யவே கூடாது.

மஞ்சள் ஓலைக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துணுக்கைக் கையுறையோடு எடுத்து, தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் அங்கே பூசியிருப்பது அரைத்த மஞ்சள். காகிதச் சுவடியின் பூச்சு வேறு: நாகரிச் சுவடிகளில் பிழையை மறைக்க அரிதாரம் பூசுவது வழக்கம். அது ஆர்சனிக் சல்பைடு. அந்தப் பக்கங்களைச் சுரண்டக் கூடாது, ஈரத் துணி படக் கூடாது.

பழநூல்_கிருஷ்ணகிரி:
கையாளும் முறையை நான் சொல்கிறேன்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலில் எக்ஸாஸ்ட் வைத்து, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து மேசையைத் தாண்டி வெளியே போகும்படி உட்காருங்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. மேசைமேல் பாலிதீன் விரிப்பு, கையில் நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, முகத்தில் என்95. தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது, ஓரத்தில் தூசி நுழையும். என்95 தூசிக்கு மட்டும்தான், ஆவியைத் தடுக்காது. கமாக்சின் வாடை, பாச்சை உருண்டை வாடை பலமாக இருந்தால் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த முகக்கவசம் வேண்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாச்சை உருண்டையின் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். அவர்களும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வர வேண்டாம்.

வீட்டு வாக்குவம் கிளீனர் கூடாது. நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஹெப்பா என்ற நுண்தூசி வடிகட்டி உள்ளதை எடுத்து, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, முனையில் நைலான் வலை கட்டுங்கள். முதலில் கட்டின் வெளிப்பக்கம், பிறகு ஓலை ஓலையாக. மென்தூரிகையால் பொடியை முனையை நோக்கித் தள்ளுங்கள், தூரிகையை உதறாதீர்கள். ஓலை உடையும் நிலையில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பச்சை அட்டை நூலைத் தனியே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பச்சைத் துணியில் எமரால்டு பச்சை, அதாவது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த நிறமி, இருக்க வாய்ப்புண்டு. கை பட்டாலே உதிரும். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து ஆர்சனிக் வாயுவும் கிளம்பும். பின்னாளில் உள்ளூரில் மறுபைண்டிங் செய்திருந்தால் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். காய்ந்த பசைத் தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரூர்_நூலகம்:
மிக்க நன்றி. தர்மபுரியில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கண்டறிவது) இருக்கிறதே, அதில் காட்டலாமா?

வேதிக்கூடம்:
வேண்டாம். நகைக் கருவி பொன், வெள்ளி, செம்பு போன்றவற்றுக்காக அளவமைத்தது. ஒவ்வொரு தனிமமும் கருவியில் தனக்கென ஆற்றல் கோடுகளைக் காட்டும்; பாதரசத்தின் கோடு தங்கத்தின் கோட்டுக்கு அருகில் விழும், மென்பொருள் குழம்பும். பொதுவான எக்ஸ்ஆர்எஃப்பிலும் ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் கோடும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டாவது கோட்டையும் பார்ப்பவர் படித்தால்தான் நம்பலாம். டிடிடியை அது அடையாளம் காட்டாது, குளோரின் இருப்பதை மட்டும் உணர்த்தலாம். அதற்கு கேஸ் குரோமட்டோகிராபி (கலவையைப் பிரித்துக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) வேண்டும்.

கத்தி முனையளவு பொடியைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, இரட்டைப் பையிலிட்டு, எந்தக் கட்டிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அங்கே முதலில் பேசுங்கள்.

பூச்சி இருந்தால் புது மருந்து எதுவும் போடாதீர்கள். காற்றுப் புகாத அலுமினிய அடுக்குப் பையில் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களோடு மூடி, ஆக்சிஜனை 0.3 சதவீதத்துக்குக் கீழே 3 வாரம் வைத்தால் முட்டை வரை சாகும். உறிஞ்சி சூடாகும், ஓலையைத் தொடாமல் வையுங்கள்.

பழநூல்_கிருஷ்ணகிரி:
ஐப்பசி மழைக்கு சிலிக்கா ஜெல் வாங்கும்போது நீல நிறத்தது வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கும். ஆரஞ்சு நிறத்தது கேளுங்கள். சுத்தம் செய்த பிறகும் நஞ்சு முழுக்கப் போயிருக்காது. ஒவ்வொரு பெட்டி மேலும் "பூச்சிக்கொல்லி / ஆர்சனிக் இருக்கலாம், கையுறை அவசியம்" என்று எழுதி, பதிவேட்டிலும் ஸ்கேன் கோப்பின் குறிப்பிலும் அதையே சேருங்கள். உறிஞ்சிய பொடி, வடிகட்டி, கையுறை எல்லாம் இரட்டைப் பையில் மூடி இருக்கட்டும். குப்பை வண்டியில் போடவோ எரிக்கவோ கூடாது. அபாயக் கழிவாக ஒப்படைக்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.