ராத் ஐஆர்ஏ (வரி கட்டிய பணத்தைப் போடும் அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) பணம்: டிசம்பரில் எடுத்தால் அபராதம், ஜனவரியில் இல்லை. என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவில் இருக்கிறோம், எனக்கு வயது 44. பழைய கம்பெனியின் 401-கே கணக்கில் (வேலை வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) இருந்த 40,000 டாலரை 2022 நவம்பரில் ராத் ஐஆர்ஏவுக்கு மாற்றி, முழுத் தொகைக்கும் அப்போதே வருமான வரி கட்டியாயிற்று. அதுபோக ராத்தில் நேரடியாகப் போட்டது 12,000. இந்த டிசம்பர் நடுவில் வீடு குளோசிங், அதாவது பணம் கட்டி வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றும் நாள். முன்பணத்தில் 30,000 குறைகிறது.

முதலில் வெளியே வருவது நேரடியாகப் போட்ட பணம். அதற்கு வரியும் இல்லை, அபராதமும் இல்லை. மீதி 18,000 மாற்றிய தொகையிலிருந்து வரும். மாற்றி ஐந்து வருடம் முடியவில்லை, 59½ வயதும் ஆகவில்லை, ஆகவே 10% அபராதம், 1,800 டாலர். கலிஃபோர்னியா தன் பங்குக்கு 2.5% கேட்கும். ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு இது வேறா என்று எரிச்சலாக வருகிறது. நவம்பரில் மாற்றினாலும் அந்த ஐந்து வருடக் கணக்கு 2022 ஜனவரி 1 முதலே ஓடுவதால், 2027 பிறந்துவிட்டால் தொல்லையே இல்லை. இரண்டே வாரம்! விற்பவரோ தேதியைத் தள்ள மாட்டேன் என்கிறார்.

முதல் வீட்டுக்கென்று 10,000 வரை விலக்கு உண்டே, அதை மாற்றிய தொகைக்குக் காட்டி 5329 படிவம் (இந்த அபராதத்தைக் கணக்கிடும் வரிப் படிவம்) நிரப்பியவர்கள் இருக்கிறீர்களா? பணம் எடுத்ததற்குக் கணக்கு நிறுவனம் அனுப்பும் 1099-ஆர் படிவத்தில் வெறும் ‘ஜே’ (ராத்தில் வயதுக்கு முன்பே எடுத்தது) குறியீடுதான் வரும், விலக்கை நாம்தான் கேட்க வேண்டும். ராத்தில் எடுத்ததைக் காட்டும் 8606 படிவத்திலும் அதே 10,000ஐ எழுத ஒரு வரி இருக்கிறது. உங்கள் வரி மென்பொருள் இரண்டையும் சரியாக எடுத்துக்கொண்டதா?

அப்புறம், மீதி 8,000ஐ மச்சானிடம் ஜனவரி வரை கைமாற்றாக வாங்கினால் வீட்டுக்கடன் தரும் வங்கி ஒத்துக்கொள்ளுமா?