பிள்ளைகளுக்கு நல்ல தற்காப்புக் கலைப் பள்ளி: சேர்த்தவர்களும் கற்றவர்களும் பகிரும் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்கு 9 வயதானபோது வீட்டுக்கு அருகில் நடந்த ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து அங்கிருந்து நிறுத்தி, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் நடக்கும் சிலம்பத் திடலுக்கு அனுப்பத் தொடங்கினோம். இப்போது அவளுக்கு 13 வயது. எந்தக் கலை உயர்ந்தது என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. இரண்டு இடங்களிலும் கண்டதை அப்படியே எழுதினால், புதிதாகச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதல் வகுப்பில் 60 பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர் இருந்தார். முன்வரிசையில் நின்ற பத்துப் பேர் போட்டிக்குப் போகிறவர்கள். அவருடைய பார்வை அவர்களைத் தாண்டிப் பின்னால் வந்ததை நான் அரிதாகவே கண்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கட்டணம் கட்டிய அனைவரும் தேறிவிடுவார்கள். வரிசை மாறாமல் செய்து காட்ட வேண்டிய அசைவுகளின் தொகுப்பான கட்டாவை என் மகள் பாதியில் மறந்து நின்ற நாளிலும் அடுத்த நிறப் பெல்ட் அவள் இடுப்பில் ஏறியது. வீடு திரும்பும் வழியில், "நான்தான் மறந்துட்டேனேம்மா, எனக்கு ஏன் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஆண்டு விழாவுக்காகச் சிறு பிள்ளைகளையும் கையால் ஓடு உடைக்கப் பழக்கினார்கள். அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. வளரும் வயதில் எலும்பின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது, பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் அது முழுதாக எலும்பாகிறது, அதற்கு முன் அதன்மேல் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே கெடக்கூடும் என்று எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். இதை மாஸ்டரிடம் சொன்னபோது, வலி பழகாமல் வீரம் வராது என்று பேச்சை முடித்துவிட்டார். மறுநாளே நிறுத்திவிட்டோம்.

சிலம்ப ஆசானைப் பார்க்கப் போனபோது அவர் முதலில் கட்டணம் பேசவில்லை. "ஒரு வாரம் பாப்பாவைக் கூட்டிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கம்மா, அவளுக்குப் பிடிச்சிருந்தாச் சேர்த்துக்கலாம்" என்றார். நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் சுண்ணாம்பால் முக்கோணம் போட்டு, அதன் முனைகளில் கால் மாற்றி வைக்கும் கால் வரிசைதான் புதியவர்களுக்குப் பாடம். காலடி சரியாக விழாத பிள்ளைக்குக் கம்பு கிடைக்காது. அங்கே காது மந்தமான ஒரு சிறுவன் இருந்தான். மற்றவர்களுக்கு வாயால் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்த ஆசான், அவன் நிற்கும் இடம் வந்ததும் தம் கம்பின் முனையால் அவன் காலருகே தரையைத் தட்டினார். அந்த அதிர்வை வெறுங்காலில் வாங்கி அவன் மற்றவர்களோடு பிசகாமல் அடி மாற்றினான். அதைப் பார்த்ததும் இங்கேதான் சேர்ப்பது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குக் கம்பு வந்தது. மூங்கிலை அவள் பக்கத்தில் நிறுத்தி, நெற்றிப் பொட்டுக்கு நேரே கத்தியால் கீறி, அறுத்து, சிலாம்பு ஏறாதபடி முனைகளைத் தேய்த்து, அனலில் காட்டி வளைவெடுத்துக் கொடுத்தார். ஒருநாள் எதிரே நின்ற பையனின் வீச்சு அவள் விரல் முட்டியில் பட்டது. ஆசான் உடனே எல்லாரையும் கம்பைக் கீழே வைக்கச் சொன்னார். விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்து, ஐஸ் வைத்துவிட்டு, அடித்த பையனைத் திட்டாமல், இருவரையும் மூன்றடி தள்ளி நிறுத்தி அதே வீச்சை மெதுவாக ஓட்டிக் காட்டினார். எதிரே வரும் வீச்சைக் கம்பால் தடுக்கும் தட்டு கற்பதற்கு முன்பே உங்களை எதிரெதிரே நிறுத்தியது என் தவறு என்று பிள்ளைகள் முன்னிலையில் சொன்னார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி எழுதியதைப் படித்தேன். பெல்ட் முறையே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஜப்பானில் 1882-இல் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ வகுத்த தர முறையைத்தான் கராத்தேக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஆசான் கிச்சின் ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்குக் கராத்தேயில் முதன்முதலாகக் கறுப்புப் பெல்ட் வழங்கியது 1924-இல். தேர்வு ஒழுங்காக நடந்தால் பிள்ளைக்குத் தான் நிற்கும் படி எது என்று தெரியும்.

என் மகன் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ கற்கிறான். பச்சைப் பெல்ட் தேர்வில் அவன் தோற்றான். அன்று மாஸ்டர் அவனைத் தனியே அழைத்து, பக்கவாட்டு உதையில் ஊன்றிய கால் திரும்பாததால் முழங்காலில் திருகல் விழுகிறது, இப்படியே விட்டால் முழங்கால் கெட்டுவிடும் என்று அவன் பாதத்தின் கீழே ஒரு துண்டைப் போட்டுச் சுழலப் பழக்கினார். மறுதேர்வுக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஆறு வாரத்தில் தேறினான். அந்தப் பெல்ட்டை அவன் மடித்து வைக்கும் விதமே வேறாக இருக்கிறது.

எட்டு வயதில் டான் எனப்படும் கறுப்புப் பெல்ட் தரத்துக்கான சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பற்றி ஒரு செய்தி. சியோலில் உள்ள குக்கிவான்தான் டேக்வாண்டோ தரச் சான்றிதழ் வழங்கும் தலைமையிடம். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது தருவது பூம் என்ற தனித் தரம்; டான் அதற்குப் பின்புதான். ஆகவே சான்றிதழில் யார் கையொப்பம் இடுகிறார்கள் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். எங்கள் மாஸ்டர், அன்றைக்கு மட்டுமல்ல, மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை சண்டைப் பயிற்சியில் இறக்க மாட்டேன் என்றார். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொன்ன ஒருவரிடமிருந்து அதற்கு முன் நாங்கள் எழுந்து வந்திருக்கிறோம்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

கற்றுக்கொண்டவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பள்ளி நாட்களில் நான் போன முதல் வகுப்பில், கவனம் சிதறும் என்று காரணம் சொல்லிப் பெற்றோரை வாசலோடு அனுப்பிவிட்டு கதவைச் சாத்திவிடுவார்கள். நிலையைத் திருத்துகிறேன் என்று பயிற்றுநர் கை வைக்கும் விதம் எனக்கு உறுத்தியது. அதைச் சொல்லச் சொற்கள் தெரியாமல், வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பல நாள் போகாமல் இருந்தேன். அம்மா துருவிக் கேட்டு அறிந்து நிறுத்தினார். அவர் கேட்டிராவிட்டால் நான் எவ்வளவு நாள் தாங்கியிருப்பேனோ தெரியாது.

பின்னர் சேர்ந்த இடத்தில் சென்செய், அதாவது ஆசிரியர், ஒரு பெண். திருத்த வேண்டுமானால் முதலில் தம் உடம்பிலேயே செய்து காட்டுவார், அப்படியும் புரியாவிட்டால் "தோளைத் தொடலாமா?" என்று கேட்டு, தலையசைத்த பிறகே தொடுவார். ஐந்து வயதுக் குழந்தையிடமும் அப்படித்தான் கேட்பார். கதவு எப்போதும் திறந்திருக்கும். தயவுசெய்து, பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடமில்லாத வகுப்பில் யாரையும் சேர்க்காதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு தாய்:

தங்கை எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்துவிட்டது. அம்மாவிடம் சொன்னது நல்லதாயிற்று, கண்ணு.

கம்பு எங்கே வாங்குவது, போட்டிக்கு எப்போது அனுப்புவார்கள் என்று சிலர் தனியே கேட்டிருந்தார்கள். கம்பை முன்கூட்டி வாங்க வேண்டாம். உயரம் பார்த்து ஆசானே அளந்து தருவார். போட்டியைப் பொறுத்தவரை, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற பிறகும், சேர்ந்த மாதமே சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள். எங்கள் ஆசான் அவர்களிடம், ஓர் ஆண்டு முடியட்டும், அதன் பிறகு பிள்ளையே வந்து கேட்டால் அனுப்புகிறேன் என்கிறார். என் மகள் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் கேட்டாள். மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று வந்து, மறுநாள் மாலை எப்போதும்போல் ஐந்தரை மணிக்குக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.