மறு: நிரலகத்தோடு வரும் கட்டளைக் கருவிகளின் பொதிக்கு என்ன பெயர்?

வணக்கம் அண்ணா, மற்ற நண்பர்களுக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பொதி (பேக்கேஜ்) விளக்கங்களைத் தமிழாக்கும்போது, நிரலகத்தோடு (லைப்ரரி) வரும் கட்டளைக் கருவிகளின் பொதியை எப்படி அழைப்பது என்பதுதானே கேள்வி.

> "பின்" என்று முடியும் பொதிகளை இருமப் பொதி என்றே எழுதிவிடலாமே. பைனரி என்றால் இருமம்தானே?

இது மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டெபியனில் டெப் கோப்பாக (நிறுவத் தயாராக) வருகிற எல்லாமே இருமப் பொதிதான். மூல நிரல் அடங்கிய மூலப் பொதிக்கு இணையாக அந்தச் சொல்லை ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கிறோம். லிப்நோட்டிஃபை4 (நிரலகம்), லிப்நோட்டிஃபை-டெவ் (அதை வைத்து நிரல் உருவாக்குவோருக்கு), லிப்நோட்டிஃபை-பின் (கட்டளைகள்) மூன்றும் இருமப் பொதிகள், மூன்றும் ஒரே மூலப் பொதியிலிருந்து வருபவை. உள்ளே வெறும் ஷெல் ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தாலும் டெபியன் கணக்கில் அது இருமப் பொதிதான். அந்தப் பெயரில் உள்ள "பின்" சுட்டுவது யூஎஸ்ஆர்/பின் அடைவில் போய் உட்காரும் கட்டளைகளை. திரையில் அறிவிப்புக் காட்டும் நோட்டிஃபை-சென்ட் கட்டளை அப்படித்தான் அங்கே வருகிறது.

> எதற்குத் தனிப் பொதி? நிரலகத்தோடு சேர்த்தே கொடுத்தால் பெயர்ப் பிரச்சினையே வராதே.

ஆர்ச் லினக்ஸ்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்: நிரலகம், தலைப்புக் கோப்புகள், கருவிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே பொதியில். டெபியனில் முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. டிஃப் படக் கோப்புகளைக் கையாளும் லிப்டிஃப் நிரலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 11இல் நிரலகப் பொதியின் பெயர் லிப்டிஃப்5, 12இல் லிப்டிஃப்6. நிரலகத்தின் சோநேம் (எந்தப் பதிப்போடு இணக்கம் என்று காட்டும் பெயர்) மாறினால் பழைய நிரல்கள் புதியதோடு ஓடாது, அதனால்தான் எண்ணைப் பெயரிலேயே ஒட்டி வைக்கிறார்கள். பழைய நிரல் 5ஐத் தேடும், புதிதாகத் தொகுத்தது 6ஐத் தேடும், இரண்டும் ஒரே கணினியில் சண்டை போடாமல் இருந்தாக வேண்டும். இப்போது டிஃப் படத்தின் விவரம் காட்டும் டிஃப்இன்ஃபோ கட்டளையை இந்த இரண்டு பொதிக்குள்ளும் வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் யூஎஸ்ஆர்/பின்/டிஃப்இன்ஃபோ என்ற அதே இடத்துக்கு வரும், "இந்தக் கோப்பு இன்னொரு பொதியிலும் இருக்கிறது, மேலெழுத மாட்டேன்" என்று பொதிகளை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றுவிடும். நிரலகத்தின் பெயரில் உள்ள எண் கூடும், கட்டளையின் பெயர் அப்படியே இருக்கும், சிக்கல் அங்கேதான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மாதிரி ஒன்றுக்காக 32 பிட் நிரலகத்தையும் 64 பிட் நிரலகத்தையும் சேர்த்து நிறுவுகிறவர்களுக்கும் இதே தலைவலி, ஏனென்றால் நிரலகங்கள் கட்டமைப்புக்கு ஒரு தனி அடைவில் போய்விடும், யூஎஸ்ஆர்/பின் ஒன்றுதான்.

டெபியன் கொள்கைக் கையேட்டின் 8.2ஆம் பகுதியில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: சோநேம் மாறும்போது கூடவே பெயர் மாறாத கோப்புகளைப் பகிர்நிரலகப் பொதிக்குள் வைக்கக் கூடாது. தனிப் பொதிக்கு "டூல்ஸ்" என்ற பின்னொட்டைப் பரிந்துரைத்து, அதில் எண் வரக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்கிறார்கள்.

பரிந்துரை இருந்தும் ஆளுக்கொரு பின்னொட்டு. லிப்டிஃப்-டூல்ஸ், லிப்எக்ஸ்எம்எல்2-யூட்டில்ஸ், லிப்ஜேபெக்-டர்போ-ப்ரோக்ஸ், லிப்நோட்டிஃபை-பின். எல்லாம் ஒரே வேலைக்கு! வெப்பி படங்களுக்கான நிரலகத்துக்கோ பின்னொட்டே கிடையாது, வெறும் "வெப்பி". இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் கதையும் அதேதான், ஆனால் அங்கே கருவிக்குத்தான் பெயர், நிரலகம் அதன் நிழலில் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது, பின்னொட்டுகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கவே கூடாது. நாலுக்கு நாலு சொல் செய்தால் நாலும் வேறு வேறு பொருள் என்று படிப்பவர் நினைப்பார். யூட்டில்ஸுக்குப் "பயன்பாட்டுப் பொதி" என்று ஒருவர் எழுதியிருந்தார், பயன்பாடு என்பதை அப்ளிகேஷனுக்குக் கொடுத்தாகிவிட்டது. ப்ரோக்ஸுக்கு "நிரல் பொதி" வைத்தால் பக்கத்திலேயே நிரலகப் பொதி நிற்கிறது, வேகமாகப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் பொதுவாக கருவிப் பொதி போதும் என்பது என் கட்சி. கருவி என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம், "நிரலகப் பொதி, உருவாக்கப் பொதி, கருவிப் பொதி" என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னால் காதுக்கும் பொருந்துகிறது.

"கட்டளைவரிக் கருவி" என்று நீட்டவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். கட்டளைக் கருவி என்றாலே புரியும், "வரி" வந்தால் ஜிஎஸ்டி ஞாபகம் வருகிறது.

பொதியா சிப்பமா தொகுப்பா என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. தொகுப்பு வேண்டாம், கம்பைலர் தொகுப்பியாகிவிட்டது. சிப்பம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அரிசி மண்டிக்கு வெளியே அதைச் சொல்வார் குறைவு.

---

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து.

பொதிக்கு என் முழு ஆதரவு. எங்கள் பக்கம் பார்சலுக்கே பொதி என்றுதான் சொல்வது, தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் கழுதையை நினைத்துச் சிரிப்பதைத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது.

> எல்லாவற்றுக்கும் பொதுவாக கருவிப் பொதி போதும்

ஓம், ஆனால் ஒன்று இடிக்கிறது. சி நிரலகத்தோடு வரும் லிப்சி-பின் பொதியில், ஒரு நிரலுக்கு எந்த நிரலகங்கள் தேவை என்று காட்டும் எல்டிடி மாதிரிக் கட்டளைகளும் இருக்கின்றன, எல்டிகான்ஃபிக்கும் இருக்கிறது. எல்டிகான்ஃபிக் இல்லாவிட்டால் புதிதாக நிறுவிய நிரலகத்தைக் கணினிக்குச் சொல்லிவைக்க ஆளில்லை. இதையும், ஆசைப்பட்டால் போட்டுக்கொள்கிற டிஃப்இன்ஃபோவையும் ஒரே பெயரில் அழைக்கலாமா?

---

தம்பி, நல்ல கேள்வி. அழைக்கலாம் என்றே சொல்வேன்.

தேவையா விருப்பமா என்பதைப் பொதியின் பெயர் சொல்ல வேண்டாம், அதற்குச் சார்பு, பரிந்துரை, யோசனை என்று பொதி விவரத்தில் தனிப் புலங்கள் இருக்கின்றனவே. லிப்சி-பின்னை அவசியம் என்று குறித்திருக்கிறார்கள், நீக்கப் போனால் பொதி மேலாளர் ஏப்ட் பெரிய எச்சரிக்கை கொடுத்துத் தடுக்கும். லிப்டிஃப்-டூல்ஸை நீக்கினால் ஒன்றும் ஆகாது. படிப்பவருக்கு அந்தத் தகவல் அங்கே கிடைத்துவிடுகிறது.

நீ சொன்னதிலிருந்து ஒன்று தோன்றியது. பயனர் கையால் இயக்காத, நிரலகமே உள்ளுக்குள் அழைத்துக்கொள்ளும் சிறு நிரல்கள் உண்டு. அவற்றை யூஎஸ்ஆர்/லிப் அடைவுக்குக் கீழே பொதியின் பெயரில் உள் அடைவு போட்டு வைக்கச் சொல்கிறது அதே 8.2. அவை கருவிகள் அல்ல, "துணைநிரல்" என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கங்களை மொழிபெயர்க்கும்போது இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

வேறு மறுப்பு இல்லையென்றால் விளக்க வரிக்கு இந்த வார்ப்புருவைப் பொதுக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்:

"இது லிப்டிஃப் நிரலகத்தின் கருவிப் பொதி. டிஃப் படங்களை ஆராயவும் மாற்றவும் உதவும் கட்டளைக் கருவிகள் இதில் உள்ளன."

டெவ் பொதிக்கு உருவாக்கமா மேம்பாடா என்பதை இதில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனி இழை திறவுங்கள்.