150 எம்-ல் நின்ற ரன்: குற்றம் வெளி எல்லையிலா, ஈட்டாவிலா?

நாலாம்படி:
பக்கத்து இழையில் வெளிவிளிம்பு ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐன்ஸ்டீன் டூல்கிட்டில் (ஐன்ஸ்டீன் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் மென்பொருள்) இரட்டைக் கருந்துளை ரன். வெளி எல்லை 1024 எம் (நிறையை வைத்து நீளத்தையும் நேரத்தையும் அளக்கும் அலகு), எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள கிரிட்டான லெவல் 0-வின் புள்ளி இடைவெளி 8 எம், ஒன்றுக்குள் ஒன்றாக, இடைவெளி பாதி பாதியாக, மொத்தம் 10 லெவல், கூரன்ட் எண் (காலப்படிக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம்) 0.4, ஈட்டா (ஷிஃப்ட் எனும் ஆயத்தொலை நகர்வைத் தணிக்கும் அளவுரு) 1. ரன் 150 எம்-ல் என்ஏஎன் (எண்ணே அல்லாத விடை) அடித்து நின்றது. கூரன்ட்டை 0.2 ஆக்கியதும் ஓடியது. "ஆகவே எல்லை நிபந்தனையில்தான் ஓட்டை, டூல்கிட்டை நம்ப முடியாது" என்று முடித்துவிட்டார். அதற்கு நாலு பேர் தலையாட்டியும் இருக்கிறார்கள்.

இது எல்லை இல்லை, ஈட்டா. லெவல் 0-வின் காலப்படி 8 × 0.4 = 3.2 எம். ஈட்டாவால் பெருக்கினாலும் அதே 3.2. காலத்தில் முன்னேற்றும் ஆர்கே4 (ரங்கே-குட்டா) முறை தாங்குவது சுமார் 2.78 வரைதான். அதைத் தாண்டினால் ஷிஃப்ட்டைத் தணிக்கப் போட்ட உறுப்பே அதை ஊதிப் பெருக்கும். 3.2-க்குப் பெருக்கக் காரணியைப் போட்டுப் பாருங்கள், 1.83 வரும். ஒவ்வொரு படிக்கும் 1.83 மடங்கு. 150 எம் என்பது 47 படி. 10⁻¹² அளவு பிழை இருந்தாலே ஒன்றைத் தொட்டுவிடும். ஷ்னெட்டர் 2010-லேயே இதற்கென்று தனிக் கட்டுரை எழுதியாயிற்று.

வெளிவிளிம்பு:
லாக் ஃபைலைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்வது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும். முதல் என்ஏஎன் வந்த புள்ளி கிரிட்டின் மூலை. மூலை என்றால் எல்லை. கூரன்ட்டைப் பாதியாக்கியதும் சரியாயிற்று, அதுவே போதும். டூல்கிட்டின் நியூராட் எல்லை நிபந்தனை, தீர்வு எந்நேரமும் நிறைவேற்ற வேண்டிய கன்ஸ்ட்ரெயின்ட் சமன்பாடுகளைக் காப்பாற்றாது என்பது இந்தத் துறையில் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும்.

நாலாம்படி:
என்ஏஎன் தேடும் லூப் புள்ளிகளை வரிசையாகப் பார்க்கும். லெவல் 0 முழுக்கக் கெட்டிருந்தால் அது முதலில் தொடுவது மூலையைத்தான். முதலில் அச்சானது வேறு, முதலில் பிறந்தது வேறு.

கூரன்ட் 0.2-ல் காலப்படி 1.6 எம், பெருக்கக் காரணி 0.27. அதனால்தான் ஓடியது. உங்கள் 'நிரூபணம்' ஈட்டாவுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டு காரணத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துவது எதற்கும் நிரூபணம் ஆகாது.

புதுவரவு:
மன்னிக்கணும், ஈட்டா என்று நீங்கள் இருவரும் ஒன்றையேதான் சொல்கிறீர்களா? எம் என்பது மொத்த நிறையா, தூரத்திலிருந்து அளக்கும் ஏடிஎம் நிறையா? யாராவது முதலில் வரையறுத்தால் நன்றாக இருக்கும்.

வெளிவிளிம்பு:
நாலாம்படி சொல்வது காகிதத்தில் சரி. ஆனால் கூரன்ட்டைப் பாதியாக்கினால் எல்லையில் வரும் பிழையும்தான் குறையும். மூலையில் வந்த என்ஏஎன்னுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நாலாம்படி:
பதில் மேலேயே இருக்கிறது. இன்னும் நேராகச் சொல்கிறேன். எல்லையில் எதுவும் கெட்டால் அது உள்ளே வர நேரம் பிடிக்கும். 1+லாக் ஸ்லைசிங்கில் (காலத்தை அடுக்குகளாக வெட்டும் முறை) கேஜ் வேகம், அதாவது ஆயத்தொலைத் தேர்வில் எழும் அலையின் வேகம், ஒளிவேகத்தின் √2 மடங்கு. 150 எம்-ல் கூடிப்போனால் 212 எம் வரை உள்ளே வரலாம். ஆரம் 812 எம்-க்கு உள்ளே எல்லையின் நிழல்கூட விழாது. ஆரம் 600 எம்-ல் லெவல் 0-வில் ஒரு புள்ளியை எடுத்து, ஷிஃப்ட்டை நகர்த்தும் துணை மாறியை (பி மாறி) ஒவ்வொரு படிக்கும் அச்சடியுங்கள். 100 எம்-லேயே அது படிக்கு 1.83 மடங்கு ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் எல்லைக் கதை அங்கேயே முடிந்தது. லெவல் 1-ல் காலப்படி 1.6 எம். அங்கே ஏறாது. லெவல் 0 மட்டும் கெடுவதே போதுமான அடையாளம்.

சிசிஇசட்4 அபிமானி:
எதற்கு இந்தப் பாடு? பிஎஸ்எஸ்என்னை விட்டுவிட்டு சிசிஇசட்4-க்கு வாருங்கள், இரண்டும் ஐன்ஸ்டீன் சமன்பாடுகளை எழுதும் வடிவங்கள்தானே. அதை ஓட்டும் ஜிஆர்சோம்போ கோடில் கன்ஸ்ட்ரெயின்ட் பிழையைத் தணிக்கும் உறுப்பு சமன்பாட்டிலேயே இருக்கிறது. 2005-ல் ப்ரிட்டோரியஸ் இரட்டைக் கருந்துளையை முதலில் ஓட்டிக் காட்டியபோதே பிஎஸ்எஸ்என் கிடையாது, பங்சர் (துளையை ஒரு புள்ளியாக வைக்கும் முறை) கிடையாது.

நாலாம்படி:
சிசிஇசட்4-லும் ஷிஃப்ட்டை நகர்த்துவது அதே காமா டிரைவர், அதே ஈட்டா. தணிப்பு உறுப்பு கன்ஸ்ட்ரெயின்ட்டைப் பார்த்துக்கொள்ளும், கேஜைப் பார்த்துக்கொள்ளாது. கோட் பெயரை மாற்றினால் ஆர்கே4 தாங்கும் அளவு மாறிவிடாது. ப்ரிட்டோரியஸ் செய்தது ஜெனரலைஸ்டு ஹார்மானிக் (வேறொரு சமன்பாட்டு வடிவம்), கூடவே எக்ஸிஷன் (துளையின் உட்புறத்தை வெட்டி விடுவது). அங்கே காமா டிரைவரே இல்லாதபோது அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? டிசிபேஷன் (கிரிட் இரைச்சலைத் தணிக்கும் உறுப்பு) பற்றிய பழைய இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

சிசிஇசட்4 அபிமானி:
டிசிபேஷன் இழையில் யார் தவறு என்று இப்போதும் பேசத் தயார். நாலாம் படி டெரிவேட்டிவுக்கு ஐந்தாம் படி க்ரைஸ்-ஓலிகர் டிசிபேஷன் என்று சொன்னது நான். மூன்று கோஸ்ட் புள்ளி (பெட்டியின் ஓரத்துக்கு வெளியே வைக்கும் உதவிப் புள்ளி) போதும் என்று சொன்னதும் நான். நீங்கள் எட்டாம் படிக்கும் மூன்று போதும் என்றீர்கள்.

நாலாம்படி:
எட்டாம் படிக்கு ஐந்து என்றுதான் எழுதினேன். ஒன்பதாம் படி டிசிபேஷனுக்கு இருபுறமும் ஐந்து புள்ளி வேண்டும் என்பது எண்ணிப் பார்த்தாலே தெரியும். பழைய பதிவைத் திறந்து படியுங்கள்.

சுருளலை:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைக் கேட்கிறேன். லெவல் 1 எவ்வளவு பெரிய பெட்டி?

வெளிவிளிம்பு:
ஒவ்வொரு துளையைச் சுற்றியும் லெவலுக்கு 64³ புள்ளி. லெவல் 1 இடைவெளி 4 எம், ஆக மையத்திலிருந்து 128 எம் வரை. ஈர்ப்பலையை எடுப்பது ஆரம் 100 எம்-ல்.

சுருளலை:
அப்படியானால் என்ஏஎன் வராமல் ஓடினாலும் அந்த அலை குப்பை. இணைந்த பின் ரிங்டவுன் (துளை அதிர்ந்து அடங்குவது) அலைநீளம் சுமார் 12 எம். இடைவெளி 4 எம். ஒரு அலைக்கு மூன்றே புள்ளி! நாலாம் படி டெரிவேட்டிவுக்குப் பத்துப் பதினைந்தாவது வேண்டாமா? சை4 (ஈர்ப்பலையைத் தரும் அளவு) உச்சி மழுங்கி, கட்டப் பிழையோடு வரும். லாமா கோட் மாதிரி பல ஒட்டுக் கிரிட் போட்டால் ஆர இடைவெளியை 1 எம்-லேயே வைத்துக்கொண்டு வெளியே போகலாம், செலவு ஆரத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும்.

பழையஃபோர்ட்ரான்:
'கட்டப் பிழை' என்றால் கிரிட் பிழையா, ஃபேஸ் பிழையா? கிரிட்டையும் கட்டம் என்கிறீர்கள், ஃபேஸையும் கட்டம் என்கிறீர்கள். சொல்லைச் சரிபண்ணாமல் ஈட்டாவைப் பற்றிப் பேசி என்ன பயன்?

சுருளலை:
ஃபேஸ்தான். யாருக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை, உங்களைத் தவிர.

பழையஃபோர்ட்ரான்:
மூன்று ரிசல்யூஷனில் ஓட்டாமல் இங்கே யாரும் எந்தப் பிழையைப் பற்றியும் பேசக்கூடாது. இடைவெளியை 1.25 மடங்காகக் குறைத்துக்கொண்டே மூன்று ரன். அடுத்தடுத்த வித்தியாசங்களின் விகிதம் நாலாம் படிக்கு 2.44, எட்டாம் படிக்கு 5.96 வர வேண்டும். லெவல் எல்லைகளில் காலத்தில் இரண்டாம் படி இன்டர்பொலேஷன் இருப்பதால் அதுவும் பாதியில் சறுக்கும். வெளிவிளிம்பு ஓட்டியது எத்தனை?

வெளிவிளிம்பு:
150 எம்-ல் சாகிற ரன்னுக்கு மூன்று ரிசல்யூஷன் எதற்கு? எல்லை பிழை என்கிறேன், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நாலாம்படி:
சுருளலை சொன்னது சரி, ஆனால் அது வேறு நோய். இழையைக் கலைக்க வேண்டாம்.

எல்லைதான் என்று இன்னும் பிடிவாதமாக இருப்பவருக்கு ஒரு சோதனை. இடைவெளி 8 எம்-ஐ மாற்றாமல் எல்லையை மட்டும் 2048 எம்-க்குத் தள்ளுங்கள். எல்லைதான் காரணம் என்றால் என்ஏஎன் வரும் நேரம் நகரும். ஈட்டா என்றால் அதே 150 எம் சுற்றிலேயே நிற்கும்.

வெளிவிளிம்பு:
சொல்வது சுலபம். லெவல் 0 இப்போதே 256³ புள்ளி. 24 மாறி, மூன்று கால அடுக்கு, டபுள் பிரிசிஷன்: கிட்டத்தட்ட 10 ஜிபி. எல்லையை இரட்டிப்பாக்கினால் 77 ஜிபி. இதைக் கேட்டுவிட்டு 'சோதனை' என்கிறீர்கள்.

நாலாம்படி:
தள்ள இடமில்லை என்றால் உள்ளே இழுங்கள். 512 எம்-ல் வையுங்கள், லெவல் 0 எட்டில் ஒரு பங்காகிவிடும். 200 எம் ஓட்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். எல்லை குற்றவாளி என்றால் சீக்கிரம் சாக வேண்டும். பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த இழையைத் திறந்ததற்கு உண்மையான காரணம் செலவு. கூரன்ட்டை எல்லா லெவலுக்கும் பாதியாக்கியதால் முழு ரன்னும் இரட்டைச் செலவு. தேவையே இல்லை. லெவல் 0-வின் ஒரு படிக்குள் லெவல் 1 முதல் 9 வரை நடக்கும் புள்ளிக் கணக்கு சுமார் 53.6 கோடி. லெவல் 0-வினுடையது 1.7 கோடி. டைம் ரிஃபைன்மென்ட் காரணிகளை (லெவல் 0-வின் ஒரு படிக்குள் ஒவ்வொரு லெவலும் எத்தனை படி நடக்கும் என்பது) 1, 1, 2, 4, 8 என்று தொடங்குங்கள், டிடிஃபேக் (லெவல் 0-வின் கூரன்ட் எண்) 0.2. லெவல் 0-வும் லெவல் 1-ம் 1.6 எம் படியில் சேர்ந்து நடக்கும், மற்ற லெவல்கள் பழைய 0.4-லேயே இருக்கும். கூடுதல் செலவு 3 விழுக்காடு. நீங்கள் கொடுத்தது 100.

காரணியைத் தொட மனமில்லை என்றால் ஈட்டாவை வெளியே குறையச் செய்யுங்கள். ஆரம் 60 எம் வரை 1, அதற்கப்பால் 60-ஐ ஆரத்தால் வகுத்தது. லெவல் 0 தொடங்கும் 128 எம்-ல் ஈட்டா 0.47, காலப்படியோடு பெருக்கினால் 1.5. அதற்கு வெளியே இன்னும் குறையும். டூல்கிட்டிலேயே இதற்கு அளவுரு இருக்கிறது, ஒரு வரி கோடும் எழுத வேண்டாம்.

சிசிஇசட்4 அபிமானி:
ஈட்டாவையே 0.5 ஆக்கினால் போதாதா? 1.6 தானே வரும்.

நாலாம்படி:
சம நிறைக்கு ஓடும். நிறை விகிதம் ஏறினால் சின்னத் துளையருகே ஈட்டா பெரிதாக வேண்டும். எல்லா இடத்திலும் குறைத்தால் அங்கே தணிப்பு போதாது. இடத்துக்கு இடம் மாறும் ஈட்டாதான் வழி.

வெளிவிளிம்பு:
அளவுருவைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறீர்கள். நியூராட் கன்ஸ்ட்ரெயின்ட்டைக் காக்காது என்பதை மட்டும் தொடவே இல்லை. மூலையில்தான் என்ஏஎன் வந்தது.

நாலாம்படி:
காக்காதுதான். அதனால்தான் எல்லையைத் தூரத்தில் வைக்கிறோம். அது 1000 எம் கழித்து வந்து குடையும். 150 எம்-ல் இல்லை. ஆரம் 600 எம் புள்ளியின் பி மாறியை அச்சடித்தீர்களா?

வெளிவிளிம்பு:
கூரன்ட் 0.2-ல் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

பழையஃபோர்ட்ரான்:
மூன்று ரிசல்யூஷன் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

நாலாம்படி:
ஆரம் 600 எம். ஒரே ஒரு புள்ளி. ஐம்பது படி. அதை இங்கே ஒட்டுங்கள், பிறகு பேசலாம்.