ட்ரோலிங் பைகளை அணியத்தில் (படகின் முன்பகுதியில்) கட்டுவதா, நடுப்படகில் கட்டுவதா?

ஏரிக்கரையான்:

வணக்கம். ஒன்ராறியோவின் போர்ட் ஸ்டான்லியிலிருந்து ஈரி ஏரிக்குள் வால்ஐ மீன் பிடிக்கச் செல்கிறோம். எங்களுடையது 21 அடி ஃபைபர் படகு. 150 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே பொருத்தும் இயந்திரம்) ஒன்று மட்டுமே உண்டு, துணை இயந்திரம் இல்லை. கியரில் போட்டுவிட்டு விசையைத் தொடாமல் விட்டாலும் படகு மணிக்கு 2.8 மைலுக்குக் கீழே இறங்குவதில்லை. கோடையில் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தூண்டில்) இழுக்கும்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் மண்புழு கோத்த ஹார்னஸ் தூண்டிலை 1 முதல் 1.5 மைல் வேகத்தில் இழுக்க வேண்டியிருப்பதால், கியரைப் போடுவதும் எடுப்பதுமாகவே நேரம் கழிகிறது; ஒவ்வொரு முறையும் தூண்டில் தாழ்ந்து மீண்டும் எழுகிறது. படகின் வேகத்தைக் குறைக்க நீரில் இழுபடும் துணிப்பையான ட்ரோலிங் பையை இரு பக்கமும் கட்டலாம் என்று எண்ணுகிறோம். எந்த அளவுப் பை வாங்க வேண்டும், அதை எங்கே கட்ட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வாடைக்காற்று:

உங்கள் படகுக்கு 30 அங்குல வாய் கொண்ட பைகள் இரண்டு போதும். காற்றில் மிதந்து செல்வதற்கென விற்கப்படும் மெல்லிய நைலான் பையை வாங்க வேண்டாம். நாள் முழுவதும் இழுபடுவதற்குக் கனமான வினைல் பூசிய துணிதான் தாங்கும்.

பையின் பயன் வேகத்தைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். என் கணிப்பில் அது பாதிப் பயன்தான். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். 1.5 மைல் வேகத்தில் அத்தகைய ஒரு பை தோராயமாக 10 கிலோ எடையளவுக்குப் பின்னிழுக்கும் என்றால், 3 மைலில் அது சுமார் 40 கிலோவாகிவிடும். ஆகவே பின்னிருந்து வரும் அலை படகைத் தள்ளும் கணத்தில் பை தானாகவே இறுகப் பிடிக்கிறது. அலை கடந்ததும் பிடியைத் தளர்த்துகிறது. ஆழம் குறைந்த ஈரி ஏரியில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வருவதால் இந்தக் குணம் அங்கே மிகவும் உதவும். மேலும், பை கிடக்கும்போது இயந்திரத்தைச் சற்றுக் கூட்டியே ஓட்ட முடியும். புரொப்பெல்லர் தள்ளும் நீர் வலுவாக இருந்தால்தான் குறைந்த வேகத்தில் படகு திருப்பத்துக்கு இணங்கும்.

நங்கூரம்:

மேலே கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் செலவிட இயலுமானால் 9.9 குதிரைத்திறன் துணை இயந்திரமே முதல் தெரிவு என்பேன். பெரிய இயந்திரத்துக்கு ஓடும் மணிநேரம் மிச்சமாகும், அது பழுதானால் கரை சேரவும் வழி இருக்கும். பையால் அந்த இரண்டாவது வேலை ஆகாது. ஆனால் பக்கக் காற்று பலமாக வீசும் நாளில் துணை இயந்திரம் உள்ளவர்களும் பையைத் தேடுவார்கள் என்பது உண்மை.

கட்டும் இடம் காற்றைப் பொறுத்தது. பக்கக் காற்று முன்பகுதியைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அணியத்துக் கிளீட்டில் (படகில் கயிறு கட்டுவதற்கான கொம்பில்) கட்டுங்கள். முன்பகுதி விலகாமல் நிற்கும். அலை பின்னாலிருந்து வந்தால் நடுக் கிளீட்டே நல்லது, ஏனெனில் இழுவை மிக முன்னால் விழும்போது பின்பகுதி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். எந்த நிலையிலும் பின்பக்கத்தில் கட்டக் கூடாது. பின்பகுதி எழ முடியாமல் பிடிபட்டிருக்கும்போது வரும் அலை நேராகப் படகுக்குள் விழும்.

ஏரிக்கரையான்:

இருவருக்கும் நன்றி. கயிற்றின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? செலவைக் குறைக்க ஒரே பையுடன் தொடங்கலாமா?

வாடைக்காற்று:

ஒரே பை படகை அந்தப் பக்கமாகவே இழுக்கும். நாள் முழுவதும் திருப்பி ஈடுகட்டுவது சலிப்பூட்டும். காற்று எப்போதும் மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் மட்டும் அது பொருந்தும்.

கயிற்றைப் படகுத்துறையிலேயே அளந்துவிடுங்கள். கிளீட்டில் கட்டிய வெறும் பையைப் படகின் பக்கமாகப் பின்னோக்கி நீட்டிப் பிடித்தால், அதன் வால் முனை புரொப்பெல்லருக்கு ஓரிரு அடி முன்னாலேயே நின்றுவிட வேண்டும். வாயின் மேல் விளிம்பில் மிதவையும் கீழ் விளிம்பில் சிறு ஈயமும் இருந்தால் பை முறுக்கிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். வால் முனையில் இன்னொரு மெல்லிய கயிற்றைத் தளர்வாகக் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் முடிந்து வையுங்கள். அதைப் பிடித்து வாலிலிருந்து இழுத்தால் நீர் வடிந்து பை எளிதில் மேலே வரும். வாயின் பக்கமாக இழுப்பவர்கள் பை நிறைய நீரையும் சேர்த்துத் தூக்கித் திணறுவதை ஏரியில் அடிக்கடி காணலாம்.

நங்கூரம்:

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன். பை நீரில் இருக்கும்போது ரிவர்ஸ் போடாதீர்கள். தளர்ந்த கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அதுபோல், பையை மறந்துவிட்டு விசையைக் கூட்டினால், மேலே சொன்ன கணக்கின்படி 10 மைலில் ஒரு பையே 400 கிலோவுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். துணி முதலில் கிழியலாம், கிளீட்டும் பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆகவே அடியில் தகடு வைத்து போல்ட்டால் முடுக்கிய கிளீட்டை மட்டும் பயன்படுத்துங்கள், கைப்பிடிக் கம்பியில் கட்டாதீர்கள். பெரிய மீன் அகப்பட்டு முன்நோக்கி ஓடினால், அந்தப் பக்கப் பையை வால் கயிற்றால் மடக்கிவிடுவது தூண்டில் நரம்பு சிக்காமல் காக்கும்.